காசோலையில் இருந்த பெயர்

இளவேனி என்று நான்தான் வைத்தேன்,
திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகிற அவசரத்தில்.
அடையாள அட்டையில் அவள்
அங்கம்மா த/பெ சன்னாசி.
"அங்கம்மான்னு போட்டா
ராணி வேஷத்த யாரு நம்புவா?"
என்றார் அச்சகத்துக்காரர்.

அப்போது அவளுக்குப் பதினேழு.
காலையில் இரண்டாம் டிவிஷனில் பால் வாளி,
இரவில் மேசைகளை அடுக்கிக் கட்டிய மேடை.
நான் படுதாவுக்குப் பின்னால்,
ஒரு கையில் டார்ச், மறுகையில் நோட்டு,
வசனம் எடுத்துக் கொடுப்பவன்.
பகலில் ஆலையில்
செம்பனைக் குலைக்கு எடை எழுதும் கிராணி.

அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது
மொத்தம் மூன்றே தடவை.
இரண்டு, கரண்ட் போனபோது.
இருட்டில் என் குரல் இருக்கிறதா என்று பார்க்க
மறந்தவள்போல் நின்றாளாம்,
பிறகு சொன்னாள்.
மூன்றாவதை இன்றுவரை சொல்லவில்லை.

அங்காசபுரியில் முதல் வேடம் பிணம்.
"மூச்ச அடக்கத் தெரியுமா?"
"முகத்துல கொசு மொய்க்கையில
வெட்டுற கை அசையாது சார்,
அதத்தான் செய்யணும்னா தெரியும்."
நாற்பது வெள்ளி.
பிறகு நர்ஸ், இரண்டாந்தாரம், வக்கீல் வீட்டு வேலைக்காரி.
முப்பத்தொரு வயதில்
முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு அம்மா.
முகப்பவுடரைத் தலையில் கொட்டி நரைக்க வைத்தார்கள்.
"ராசா" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.
படத்தில் அவன் முகம்தான் வந்தது.
அவள் முதுகு அழுததை
லயத்தில் பதினான்கு பேர் பார்த்தோம்.

கல்யாணமும் நடந்தது.
கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
அவர் பார்த்த ஒரே நாடகத்தில்
அவள் வேறொருவனுக்கு விதவை.
டிவியை அணைத்தார். சட்டையை மாட்டினார்.

கையுறைத் தொழிற்சாலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து
பதின்மூன்று வாரம் வட்டிக்காரியாக வந்தாள்.
ஒன்பதாம் வாரம்
ஒருத்தியின் தாலியை அடகு வாங்கிக்கொண்டு
சிரித்தாள் பாருங்கள்,
மறுநாள் பசாரில்
அவளுக்குக் கெம்போங் மீன் நிறுக்க மறுத்தார்கள்.
வெற்றிலைக் கடை ருக்கு காலடியில் துப்பினாள்.
என் வீட்டுக்கு ஓடிவந்து
"அக்கா, துப்பிட்டாங்க!" என்று
என் மனைவியிடம் செருப்பைக் கழற்றிக் காட்டினாள்,
கோப்பை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

இடையில் ஊரும் பெயர் மாற்றிக்கொண்டது.
பத்தாங் பெர்ஜுந்தை என்றால் சிரிக்கிறார்களாம்.
பெஸ்தாரி ஜெயா என்று பலகை நட்டார்கள்.
"ஊருக்கும் நோட்டீஸ் அடிச்சிட்டாங்க கிராணி.
இனி பழைய பேருக்கு வர்ற கடுதாசி எங்க போகும்?"

போன மாதம் தலைநகரில் பாராட்டு விழா.
பொன்னாடை, மாலை,
வாத்தா மயிலா தெரியாத ஒரு கண்ணாடி விருது,
இரண்டாயிரம் வெள்ளிக்குக் காசோலை.
பெறுபவர்: இளவேனி.

என் மோட்டாரில்தான் வங்கிக்குப் போனோம்.
முக்காடு போட்ட சின்னப் பெண்
அட்டையைப் பார்த்தாள், காசோலையைப் பார்த்தாள்.
பெயர் சேரவில்லை, மாச்சிக்.
அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.
நீங்கள் அந்த வட்டிக்காரிதானே?
எங்கள் அம்மா கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து
உங்களை அப்படித் திட்டுவாள்!
பக்கத்துக் கவுண்டர்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.
ஆனாலும் முடியாது, மாச்சிக்.
பெயர் சேரவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
அடுத்த வரி மறந்தவள்போல்.
நாற்பத்தாறு வருடத்துக்கு முன்
நான் வைத்த பெயர்.
எனக்கு எழுபத்திரண்டு. கையில் நோட்டு இல்லை.
வாயைத் திறந்தேன், மூடினேன்.

அப்போது சிரித்தாள்,
அதே ஒன்பதாம் வாரத்துச் சிரிப்பு.
காவலாளி கதவை விட்டுத் திரும்பினான்.
கூரையில் இருந்த பெட்டி
அடுத்த எண்ணைக் கூப்பிட்டது.
யாரும் எழுந்திருக்கவில்லை.